வியன்னாவில் கோடை: ஒயின் எங்கே, சாப்பாடு எங்கே?

கேள்வி (ஜூன் 3, மாலை)

ஜூலை இரண்டாவது வாரம் நானும் மனைவியும் நான்கு நாள் வியன்னா போகிறோம். மனைவி சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். நான் எல்லாம் சாப்பிடுவேன். இருவருக்கும் ஒயின் பிடிக்கும், ஆனால் அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. தங்குவது ஸ்டெஃபான் தேவாலயத்துக்குப் பக்கத்தில். ஒயினுக்காக ஊர் ஓரத்துக்கு அலைவது வீண், மையத்திலேயே நல்ல கடைகள் இருக்கின்றன, திராட்சைத் தோட்டம் பார்க்க ஆசையென்றால் வாக்காவ் பள்ளத்தாக்குக்குப் போங்கள் என்கிறார் ஒரு நண்பர். சரிதானா?

ஜூன் 3, இரவு

சரியில்லை. அந்த ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். திராட்சை விளைவது வியன்னா நகர எல்லைக்குள்ளேயே. சுமார் 600 ஹெக்டேர், பெரும்பகுதி வெள்ளைத் திராட்சை. ஒரு நாட்டின் தலைநகரத்தில் டிராம் ஏறிப் போய்க் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கொடிகளுக்கு நடுவே நிற்கலாம். அங்கே விளைந்ததை அங்கேயே, விளைவித்தவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து குடிக்கலாம். அதை விட்டுவிட்டு மையத்தில் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து பாட்டில் வாங்கிக் குடிப்பதற்கு அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?

அந்த முற்றத்துக்குப் பெயர் ஹாய்ரிகர். 'இந்த ஆண்டினுடையது' என்று பொருள். புது ஒயினுக்கும் அதே பெயர், அதை ஊற்றித் தரும் இடத்துக்கும் அதே பெயர். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் புது ஒயின் வந்துவிட்டது என்பார்கள். அடுத்த நவம்பர் 11 வந்ததும் அது 'பழையது' ஆகிவிடும். ஜூலையில் உங்கள் கண்ணாடிக் குவளையில் இருப்பது போன இலையுதிர் காலத்தில் பறித்த திராட்சை.

நான்கு மாலைகளில் இரண்டையாவது இதற்கு ஒதுக்குங்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

எங்கே போவது என்பதற்கு முன்னால் எப்போது திறந்திருக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பலரும் ஏமாறுவது இதில்தான்.

1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஓர் ஆணை போட்டார். தன் தோட்டத்தில் விளைந்த ஒயினையும் உணவுப் பொருளையும் யாரும் தாங்கள் விரும்பிய விலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்றது அது. தொடக்கம் அங்கே. சொந்த ஒயினை மட்டும் விற்கும் இப்படிப்பட்ட இடத்தைப் புஷன்ஷாங்க் என்பார்கள். திறந்திருக்கும் நாட்களில் வாசலில் ஊசியிலை மரக் கிளைக் கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தெருமுனையில் வேப்பிலை கட்டியதும் ஊருக்கே சேதி தெரிந்துவிடும் அல்லவா, அதே கதைதான். கொத்து இருந்தால் உள்ளே போகலாம். இல்லையென்றால் அந்தக் குடும்பம் தோட்டத்தில் வேலையாக இருக்கிறது.

சிறிய இடங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மூன்று வாரம் திறப்பார்கள், ஐந்து வாரம் மூடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அந்த நேரத்தில் திறப்பார். ஒவ்வோர் இடமும் தன் திறப்பு நாட்களை முன்கூட்டியே வெளியிடும். கிளம்புவதற்கு முன்பு பாருங்கள். ஒரு ஜூலையில் அப்பா அம்மாவை நாற்பது நிமிட டிராமில் ஸ்டாமர்ஸ்டோர்ஃபுக்கு அழைத்துப் போய், எனக்குப் பிடித்த வீட்டின் வாசலில் கொத்தில்லாமல் நின்றேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, வெயில் முப்பத்து நான்கு டிகிரி. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். இப்போது நினைத்தாலும் என் மீது எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

பெரிய ஹாய்ரிகர்கள் உணவகம் போலவே நடக்கின்றன, சூடான சமையலும் உண்டு, ஏறத்தாழ ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். அவை கெட்டவை அல்ல. வேறு வகை, அவ்வளவே.

ஜூன் 4, இன்னும் கொஞ்சம்

இடங்கள்.

நுஸ்டோர்ஃப்: டி டிராம். ரிங் சாலையிலேயே ஏறலாம், கடைசி நிறுத்தம். முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் என் பரிந்துரை. இறங்கிய இடத்திலிருந்து ஓடையை ஒட்டிப் பீத்தோவன் பெயரில் ஒரு நடைபாதை போகும். அப்படியே ஏறினால் நுஸ்பெர்க் சரிவு. இடமும் வலமும் கொடி, கீழே டான்யூப், அதற்கு அப்பால் நகரம். காலன்பெர்க் உச்சி 484 மீட்டர். நடப்பதற்கு முடியாதவர்கள் ஹைலிகன்ஸ்டாட்டிலிருந்து 38ஏ பஸ்ஸில் மேலே போய்விட்டு, இறங்கும்போது மட்டும் நடக்கலாம். கோடையில் சரிவுக்கு நடுவே சில இடங்களில் மேசை போட்டு ஒயின் ஊற்றுவார்கள்.

ஹைலிகன்ஸ்டாட்: பீத்தோவன் 1802இல் தன் காது கேளாமையைப் பற்றித் தம்பிகளுக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் இங்கே எழுதப்பட்டது. 1817இல் அவர் தங்கிய வீடு இன்று மாயர் அம் ஃபார்பிளாட்ஸ் என்ற ஹாய்ரிகர். கூட்டம் வரும், ஆனாலும் முற்றம் அழகு.

ஸ்டாமர்ஸ்டோர்ஃப்: டான்யூபுக்கு அக்கரை. ஷாட்டன்ரிங்கில் 31 ஆம் எண் டிராம் ஏறிக் கடைசி வரை. நகரம் முடிந்து கிராமம் தொடங்குவது போலிருக்கும். பழைய நிலவறைகள் வரிசையாக இருக்கும் தெரு ஒன்று தோட்டங்களுக்குள் போகிறது. உள்ளூர்க் குடும்பங்கள் வருகிற இடம். என் மனம் இங்கேதான்.

கிரின்சிங்: 38 டிராம். தவிர்த்துவிடுங்கள். சுற்றுலாப் பஸ்கள் வரிசையாக நிற்கும். ஒரு கடையில் நாங்கள் கேட்காத ரொட்டிக்கூடைக்குக் கணக்கு எழுதினார்கள், வயலின்காரர் மேசையை விட்டு நகர மறுத்தார்.

ஜூன் 6

ஒயின் பற்றிப் பெரிதாகத் தெரியாது என்றிருந்தீர்கள், அதனால் என்ன குடிப்பது என்பதையும் சொல்கிறேன். கெமிஷ்டர் ஸாட்ஸ். வேறு யோசனையே வேண்டாம், முதல் குவளை அதுதான்.

ஒரே தோட்டத்தில் பல வகைத் திராட்சைகளைக் கலந்து நட்டு, ஒரே நேரத்தில் பறித்து, ஒன்றாகப் பிழிந்து புளிக்க வைப்பது. தனித்தனியே செய்து பிறகு கலப்பது அல்ல. பழைய காலத்து விவசாயி இதைச் செய்தது சுவைக்காக மட்டும் அல்ல. ஒரு வகை பூக்கும் நேரத்தில் பனி விழுந்து கருகினாலும் தள்ளிப் பூக்கும் இன்னொரு வகை கைகொடுக்கும். எங்கள் தாத்தா மானாவாரிக் காட்டில் சோளத்தோடு துவரையும் தட்டைப்பயறும் கலந்து விதைத்ததும் இதே கணக்குதான். மழை ஒன்றைக் கைவிட்டால் மற்றொன்று வீட்டுக்கு வரும். நடுவில் மலிவுச் சரக்கு என்று மதிப்பிழந்து போன இந்த முறையைச் சில குடும்பங்கள் விடாமல் பிடித்து மீட்டெடுத்தன. ஸ்டாமர்ஸ்டோர்ஃபின் வீனிங்கர் அவர்களில் முக்கியமானவர். 2013 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு: குறைந்தது மூன்று வகை இருக்க வேண்டும், எந்த ஒன்றும் பாதிக்கு மேல் போகக்கூடாது, மூன்றாவது வகை பத்து சதவீதமாவது இருக்க வேண்டும்.

சுவை வீட்டுக்கு வீடு மாறும். பச்சை ஆப்பிள், கொஞ்சம் பூ மணம், நாக்கின் ஓரத்தில் புளிப்பு. அடுத்த குவளைக்கு க்ரூனர் வெல்ட்லினர். ஆஸ்திரியாவில் அதிகம் விளையும் வகை. விழுங்கிய பிறகு தொண்டையில் மிளகு தட்டியது போல ஒரு சிறு காரம் நிற்கும். நம் நாக்குக்கு அது உடனே பிடிபடும்.

அளவு: எட்டில் ஒரு பங்கு லிட்டர் 'அஹ்டெல்', கால் லிட்டர் 'ஃபியர்டல்'. கால் லிட்டர் கைப்பிடி வைத்த தடித்த கண்ணாடிக் குவளையில் வரும். வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் ஷ்பிரிட்ஸர் கேளுங்கள், பாதி ஒயின் பாதி சோடா. இன்னும் லேசாக வேண்டுமென்றால் சோமர்ஷ்பிரிட்ஸர். பிற்பகல் மூன்று மணிக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. நல்ல ஒயினில் சோடா ஊற்றுவதா என்று பாரிஸ் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். வியன்னாக்காரர்களே நூறு வருடத்துக்கு மேலாக ஊற்றிக் குடிக்கிறார்கள், நாமும் குடிக்கலாம்.

ஜூன் 7

கீழே ஒருவர் ஆஸ்திரிய ஒயின் கலப்படமாயிற்றே என்று எழுதியிருக்கிறார். 1985இல் நடந்தது அது. சில வியாபாரிகள் இனிப்பும் கனமும் கூட்டுவதற்காக டைஎத்திலீன் கிளைக்கால் கலந்தார்கள், மாட்டினார்கள், ஏற்றுமதி சரிந்தது. அதே வருடம் மிகக் கடுமையான ஒயின் சட்டம் வந்தது. இன்று அந்நாட்டு ஒயினின் தரம் இந்த அளவு இருப்பதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம். நாற்பது வருடம் பழைய கதையை வைத்து இன்றைய விவசாயியைச் சந்தேகிப்பது நியாயமில்லை.

ஜூன் 9

சைவச் சாப்பாடு. ஹாய்ரிகரில் சாப்பாடு பெரும்பாலும் உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். நாமே போய்ச் சொல்லி, எடை போட்டு, அங்கேயே காசு கொடுத்துத் தட்டை எடுத்து வர வேண்டும். ஒயின் மட்டும் மேசைக்கு வரும், அதன் கணக்கு கடைசியில். புதிதாகப் போகிறவர்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டுக்காகக் காத்திருந்து பசியில் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனைவிக்கு லிப்டவர் என்ற காரச் சிவப்புப் பாலாடைக்கட்டித் தடவல், பூசணி விதைத் தடவல், முட்டைத் தடவல், உருளைக்கிழங்கு சாலட், வெள்ளரி சாலட், கருப்பு ரொட்டி. இதுவே வயிறு நிறையும். உங்களுக்குப் பன்றி வறுவல், ரத்தப் பொரியல், பன்றிக் கொழுப்பு தடவிய ரொட்டி என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது.

ஜூன் 9, இரவு: மேலே எழுதியதில் திருத்தம், தயவுசெய்து படியுங்கள்

அவசரத்தில் எழுதிவிட்டேன். எழுதிவிட்டுப் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை.

வியன்னா உருளைக்கிழங்கு சாலடில் பெரும்பாலும் மாட்டிறைச்சிக் கொதிநீர் ஊற்றுவார்கள். வெந்த கிழங்கைச் சூடாக நறுக்கி, சூடான கொதிநீரும் வினிகரும் எண்ணெயும் கடுகும் சேர்த்துக் கிளறினால்தான் அந்தப் பளபளப்பும் குழைவும் வரும். பார்வைக்கு எதுவும் தெரியாது. கிழங்கு, வெங்காயம், ஒரு பச்சைத் தாள், அவ்வளவுதான் கண்ணில் படும்.

என் அம்மா பிறந்ததிலிருந்து சைவம். வியன்னாவில் எங்களோடு இருந்த மூன்று வாரமும் வெளியே போன இடமெல்லாம் இந்தச் சாலடைத்தான் விரும்பிச் சாப்பிட்டார். கொத்தில்லாத வாசலில் நின்ற அதே நாள், தெருவில் இன்னும் நான்கு வீடு தள்ளி ஒரு முற்றம் திறந்திருந்தது. பச்சை வண்ணம் அடித்த பெஞ்சு, மேலே வாதுமை போல அகன்று நிழல் விரித்த மரம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள். 'என் தாய் இறைச்சி சாப்பிட மாட்டார்' என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுச் சாலடைக் காட்டினேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். 'இதில் மாட்டிறைச்சிக் கொதிநீர் இருக்கிறதே' என்றார். பிறகு உள்ளே போய், பத்து நிமிடம் கழித்து, அவித்த கிழங்கில் வெறும் வினிகரும் எண்ணெயும் போட்டுப் புதிதாக ஒரு தட்டு கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அம்மாவிடம் அன்று இரவு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தெரியாமல் சாப்பிட்டதற்கு என்ன செய்வது என்றார். அதற்குப் பிறகு ஊரிலும்கூடக் கடையில் உருளைக்கிழங்கு சாலட் தொடவில்லை.

ஆகவே கேளுங்கள். 'இஸ்ட் தா ரிண்ட்ஸுப்பே டிரின்?' மாட்டுக் கொதிநீர் இதில் உண்டா என்று பொருள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். லிப்டவரிலும் சில வீடுகள் சார்டெல்லன் என்ற சிறு மீனை அரைத்துச் சேர்ப்பது உண்டு. அதையும் கேளுங்கள். மாவில் தோய்த்துப் பொரித்த காளான், பாலாடைக்கட்டி எல்லாம் சைவம் போல இருக்கும், ஆனால் பொரித்த கொழுப்பு பன்றிக் கொழுப்பா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஜூன் 12

மையத்தில் பகல் சாப்பாடு பற்றிச் சுருக்கமாக.

டோரோதேயர்காஸ்ஸேயில் டிரெஷ்னியெவ்ஸ்கி. 1902இல் தொடங்கிய கடை. விரல் நீளக் கருப்பு ரொட்டித் துண்டுகள் மீது விதவிதமான தடவல். முட்டை வகைகள் உங்கள் மனைவிக்கு ஆகும். கூடவே எட்டில் ஒரு பங்கு லிட்டர் பியர், 'ஃபிஃப்' என்று கேட்க வேண்டும். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

நாஷ்மார்க்ட் சந்தை: சனிக்கிழமை காலை பழம்பொருள் சந்தையும் சேர்ந்து கூடும். ஞாயிறு கடைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் மளிகைக் கடையும் அநேகமாக மூடியிருக்கும், சனியன்றே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் இரண்டு பொருட்களைத் தவற விடாதீர்கள். ஒன்று, ஐயர்ஷ்வாமர்ல் என்ற மஞ்சள் காட்டுக் காளான். கிரீம் குழம்பில் போட்டு ரொட்டி உருண்டையோடு தருவார்கள். பன்றி இறைச்சித் துணுக்கு போடாமல் கேட்க வேண்டும். மற்றொன்று மரில்லன்க்னோடல்: முழு ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் பொதிந்து அவித்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டியது. கத்தி வைத்ததும் உள்ளிருந்து சூடான சாறு வழியும். பழம் வருவது உங்கள் நண்பர் சொன்ன அதே வாக்காவிலிருந்துதான். வாக்காவ் அருமையான இடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தனியாக ஒரு முழு நாள் கேட்கும்.

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு: நல்ல உணவகங்கள் பல இரண்டு மூன்று வாரம் விடுமுறை விட்டு மூடிவிடும்.

தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர் 1873இலிருந்து குழாய் வழியே அந்த நகரத்துக்கு வருகிறது, 1910இல் இரண்டாவது குழாய். தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய் உண்டு. ஓட்டலில் 'லைடுங்ஸ்வாஸர்' என்று கேட்டால் அதுதான்.

ஜூன் 15

கிரின்சிங் பற்றி இரண்டு பேர் என்னைத் திருத்தியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன், அவர்கள் சொல்வது நியாயம். ஒரே ஒரு கடையில் பட்ட கசப்பை முழு ஊர் மீதும் போட்டுவிட்டேன். பஸ் நிற்கும் பெருந்தெருவை விட்டு மேலே ஏறும் சந்துகளில் கொத்து தொங்கும் சிறிய வீடுகள் இன்னமும் இருக்கின்றன. வியன்னாவின் ஹாய்ரிகர் வழக்கம் 2019இல் ஆஸ்திரியாவின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது, அதில் கிரின்சிங்குக்கும் பங்கு உண்டு. தவிர்த்துவிடுங்கள் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நேரம் குறைவாக இருந்தால் நுஸ்டோர்ஃப் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

'ஷ்டுர்ம்' குடிக்கலாமா என்று கேட்டவருக்கு: ஜூலையில் கிடைக்காது. அது அறுவடை தொடங்கிய பிறகு, பாதி புளித்த நிலையில் கலங்கலாக வருவது. நுரைத்துக்கொண்டே இருப்பதால் பாட்டிலை இறுக மூட மாட்டார்கள். பனைமரத்துக் கள்ளை வாங்கிப் பஸ்ஸில் கொண்டுபோனவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அதற்கு செப்டம்பரில் வர வேண்டும்.

ஜூலை 17 (கேள்வி கேட்டவர்)

வந்துவிட்டோம். முதல் மாலை நுஸ்டோர்ஃப், மூன்றாம் மாலை ஸ்டாமர்ஸ்டோர்ஃப். உருளைக்கிழங்கு சாலடை இரண்டு இடத்திலும் கேட்டோம், இரண்டிலும் இறைச்சிக் கொதிநீர் இருந்தது. உங்கள் திருத்தத்தைப் படிக்காமல் போயிருந்தால் என் மனைவி மனம் நொந்திருப்பார். லிப்டவர் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. சென்னையில் செய்ய முடியுமா என்று கேட்கச் சொன்னார்.

ஜூலை 17, இரவு

நல்லபடியாகப் போய் வந்தீர்கள், மகிழ்ச்சி. அம்மாவிடமும் சொன்னேன்.

முடியும். எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை செய்கிறோம். புளிக்காத கெட்டித் தயிர் அரை லிட்டரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஓர் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும். நீர் வடிந்தபின் கிடைப்பதில் பாதியளவு உப்பில்லாத வெண்ணெயை மென்மையாக்கிச் சேர்த்துக் குழையுங்கள். பப்ரிகா இரண்டு தேக்கரண்டி. கிடைக்காவிட்டால் காரமில்லாத காஷ்மீர் மிளகாய்த்தூள், ஆனால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சின்ன வெங்காயம் நான்கைந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக. உப்பு, கொஞ்சம் கடுகுச் சாந்து. கேரவே விதை அரைத் தேக்கரண்டி, லேசாக இடித்து. நம் சீரகத்தைப் போட்டால் மணம் வேறு பக்கம் போய்விடும், முதல் தடவை நான் அப்படித்தான் போட்டேன்.

ஜூலை 18

ஒன்று விட்டுப்போயிற்று. செய்த உடனே சாப்பிடக் கூடாது, நான்கு மணி நேரமாவது குளிரில் வையுங்கள். வெங்காயம் அப்போதுதான் வெண்ணெயோடு சேரும்.